பண்பாடும் அடையாளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்பாடு, அடையாளம் என்னும் இரு சொற்களும் வகுப்பறையிலும் மேடையிலும் வீட்டு வாக்குவாதத்திலும் ஓயாமல் புழங்குகின்றன. ஆனால் சொல்பவர் ஒரு பொருளிலும் கேட்பவர் வேறொரு பொருளிலும் அவற்றை எடுத்துக்கொள்வதால் மனத்தாங்கல்கள் பல பிறக்கின்றன. இவற்றைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும், ஊர்விட்டு ஊர் போய் வாழ்பவர்களும் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

பண்பாடு என்றால் கலை, இலக்கியம், இசை ஆகியவைதானே?

அவை பண்பாட்டின் கண்ணுக்குத் தெரியும் பகுதி. இங்கிலாந்து மானிடவியலாளர் எட்வர்டு டைலர் 1871-இல் தந்த வரையறையின்படி, அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என மனிதர் ஒரு சமூகத்தின் உறுப்பினராக இருந்து பெற்றுக்கொள்ளும் அனைத்தும் சேர்ந்த முழுமையே பண்பாடு. இவ்வரையறையில் ‘பெற்றுக்கொள்ளும்’ என்பதே உயிரான சொல். எதிரில் இருப்பவரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், மூத்தவர் பேசும்போது அவர் கண்ணை நேராகப் பார்ப்பது மரியாதையா அவமரியாதையா, துக்கம் கேட்கப் போன இடத்தில் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும், நன்றியை வாயால் சொல்வதா செயலால் காட்டுவதா என்பவற்றையெல்லாம் யாரும் நமக்குப் பாடமாக நடத்தியதில்லை. தவறியபோது பெரியவர்களின் முகம் மாறியதைப் பார்த்தே கற்றுக்கொண்டோம். அப்படிக் கற்றதை நாம் பண்பாடு என்றுகூட நினைப்பதில்லை. ‘இதுதானே முறை’ என்று நினைக்கிறோம்.

அமெரிக்க மானிடவியலாளர்களான க்ரோபரும் க்ளக்கோனும் 1952-இல் இந்தச் சொல்லுக்கான வரையறைகளைத் தொகுத்தபோது 164 கிடைத்தன. அந்த எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை, ஏனெனில் அவற்றில் பெரும்பாலானவை கற்றல், பகிர்தல், கைமாற்றுதல் என்னும் மூன்று செயல்களைச் சுற்றியே வருகின்றன. தமிழிலும் பண்பாடு என்ற சொல் பண்படுதலோடு உறவுடையது. பண்படுத்திய நிலம் என்று உழுது பக்குவப்படுத்திய நிலத்தைச் சொல்கிறோம். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொல்லும் இலத்தீனில் உழவைக் குறித்த சொல்லிலிருந்தே வந்தது. பண்படுத்திய நிலத்தைச் சில ஆண்டுகள் உழாமல் விட்டால் தரிசாகிவிடும் என்பது உழவருக்குத் தெரியும். பண்பாட்டைப் பெட்டியில் பூட்டி வைக்கும் சொத்தாக எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

நாகரிகமும் பண்பாடும் ஒன்றா?

பேச்சு வழக்கில் கலந்து வருகின்றன. ஆனால் நாகரிகம் என்னும்போது நகரம், எழுத்து, ஆட்சியமைப்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றின் வளர்ச்சியையே பெரும்பாலும் கருதுகிறோம். நாகரிகம் குறைந்த சமூகம் என்று ஒன்றைப் பழிப்பவர்கள் உண்டு. பண்பாடு இல்லாத மனிதக் கூட்டம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

அப்படியானால் அடையாளம் என்பது என்ன?

பண்பாடு நாம் செய்வது. அடையாளம் ‘நாம் யார்’ என்ற கேள்விக்கு நாம் சொல்லும் விடை. அந்த விடையை நாம் மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. நான் இன்னார் என்று ஒருவர் சொல்வதும், ஆமாம் என்று பிறர் ஏற்பதும் அல்லது இல்லை என்று மறுப்பதும் சேர்ந்துதான் அடையாளம் உருவாகிறது. இந்த இரண்டாம் பாதியை மறந்துவிட்டு, அடையாளம் முழுக்க முழுக்க அகத்தில் இருப்பது என்று பேசும்போதுதான் பல விவாதங்கள் தடம் மாறுகின்றன.

அடையாள நெருக்கடி என்னும் கருத்தைப் பரவலாக்கிய உளவியலாளர் எரிக் எரிக்சனின் வாழ்க்கையே இதற்குச் சான்று. ஜெர்மனியில் வளர்ந்த அவருக்குத் தம்மைப் பெற்ற தந்தை யாரென்று கடைசிவரை தெரியவில்லை. தாயும் வளர்ப்புத் தந்தையும் யூதர்கள். பள்ளியில் யூதன் என்று ஒதுக்கினார்கள். தொழுகைக் கூடத்திலோ அவருடைய பொன்னிற முடியையும் நீலக் கண்களையும் பார்த்து அந்நியன் என்று கேலி செய்தார்கள். பின்னர் அமெரிக்கக் குடிமகனானபோது வளர்ப்புத் தந்தையின் குடும்பப் பெயரை நடுப்பெயராக வைத்துக்கொண்டு, எரிக்சன் என்ற குடும்பப் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். எரிக்கின் மகன் என்பது அதன் பொருள். இரு பக்கமும் ஏற்க மறுத்த ஒருவர், ‘இளமைப் பருவத்தின் தலையாய வேலை தான் யார் என்று கண்டடைவது’ என்று பின்னாளில் எழுதியதில் வியப்பில்லை.

அடையாளம் பிறப்பிலேயே அமைந்துவிடுகிறதா?

பிறக்கும்போது நமக்குத் தரப்படுபவை சில: உடல், பெற்றோர், பிறந்த இடம், பிறர் சூட்டும் பெயர். இவற்றுக்கு என்ன பொருள் என்பதைச் சமூகம் முடிவு செய்கிறது. பிறந்த சில நாள்களில் வேறொரு மொழி பேசும் குடும்பத்துக்குத் தத்துப் போன குழந்தை, அந்தக் குடும்பத்தின் மொழியையும் உடல்மொழியையும் குறையின்றிக் கற்றுக்கொள்கிறது. மனிதக் கூட்டங்களுக்கிடையே நாம் காணும் நடத்தை வேறுபாடுகளுக்கு வரலாறும் வளர்ப்பும்தான் விளக்கம் தர முடியும், குருதி தராது என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மானிடவியலாளர் ஃப்ரான்ஸ் போவாஸ் வலியுறுத்தினார். இனவாதம் அறிவியல் என்ற பெயரில் உலவிய காலத்தில் அதைச் சொல்லத் துணிவு வேண்டியிருந்தது.

ஆனாலும் கற்றது என்பதால் அடையாளத்தைச் சட்டை போல மாற்றிக்கொள்ளலாம் என்று கொள்ளக் கூடாது. தாய்மொழியும் கற்றதுதான், அதை விட்டுவிடச் சொன்னால் எவ்வளவு வலிக்கும் என்று நமக்குத் தெரியும்.

‘நாம்’, ‘அவர்கள்’ என்ற பிரிவு எங்கிருந்து வருகிறது?

நாம் நினைப்பதைவிட மிக அற்பமான காரணத்திலிருந்தும் வரலாம். 1970-இல் சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் வெளியிட்ட ஆய்வு இன்றும் படிப்பவரைத் திடுக்கிட வைக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களிடம் திரையில் மின்னி மறைந்த புள்ளிகள் எத்தனை என்று மதிப்பிடச் சொன்னார்கள். கூட்டி மதிப்பிட்டவர்கள் ஒரு குழு, குறைத்து மதிப்பிட்டவர்கள் இன்னொரு குழு என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் குழுப் பிரித்தது குருட்டாம்போக்கில்தான். பிறகு, முகம் தெரியாத இரண்டு மாணவர்களுக்குச் சிறு தொகையைப் பங்கிடும் வேலை ஒவ்வொருவருக்கும் தரப்பட்டது. பங்கிடுபவருக்கு அதில் ஒரு காசும் கிடைக்காது. இருந்தும் பெரும்பாலோர் தம் குழுவைச் சேர்ந்தவருக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். அதைவிட வருத்தம் தருவது, இரு குழுவும் சேர்ந்து அதிகம் பெறும் வழி இருந்தபோதும், தம் குழுவுக்குச் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்று அவர்கள் தேர்ந்தெடுத்தது. பழைய பகையோ மத வேறுபாடோ அங்கே இல்லை. ஒரு பெயர்ச்சீட்டு மட்டும் இருந்தது.

தாஜ்ஃபெல் இதை ஆராய்ந்ததற்கு ஆழ்ந்த காரணம் இருந்தது. போலந்தில் பிறந்த யூதரான அவர், இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். பிரெஞ்சுக்காரர் என்று நம்பப்பட்டதால் உயிர் பிழைத்தார். போர் முடிந்து திரும்பியபோது அவருடைய நெருங்கிய குடும்பத்தினர் யாரும் உயிரோடு இல்லை. அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதை எவரும் கேட்கவில்லை. எந்தப் பெட்டியில் போடப்பட்டார் என்பதே அவருடைய உயிரைத் தீர்மானித்தது.

பழக்கவழக்கங்கள் ஒன்றாகிவிட்டால் பிரிவுகளும் மறைந்துவிடுமா?

மறைய வேண்டிய கட்டாயமில்லை. ஓர் இனக்குழுவை இனங்காண அதன் பழக்கங்களைப் பட்டியலிடுவது போதாது, அது தனக்கும் பிறர்க்கும் இடையே எங்கே கோடு கிழிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று நார்வே மானிடவியலாளர் ஃப்ரெட்ரிக் பார்த் 1969-இல் எழுதினார். அவருடைய குழுவினர் தந்த சான்றுகளில் ஒன்று சூடானின் தார்ஃபூர் பகுதியிலிருந்து வந்தது. அங்கே பயிர்த்தொழில் செய்யும் ஃபூர் மக்களில் சிலர், மாடுகள் பெருகியதும் மந்தையோடு நாடோடி வாழ்வுக்குப் போவார்கள். நாளடைவில் மாடு மேய்க்கும் பக்காரா மக்களில் ஒருவராகவே கருதப்படுவார்கள். ஆட்கள் கோட்டைக் கடந்தார்கள், கோடு அப்படியே நின்றது. நேர்மாறாக, ஒரே மொழி பேசி ஒரே விதமாக உடுத்தி ஒரே தெருவில் வாழ்பவர்களுக்கிடையேயும் கோடு அழியாமல் இருக்கலாம். ஆகவே ஒரு பிரிவினை ஏன் நீடிக்கிறது என்று அறிய, அந்தக் கோட்டால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்றும் கேட்டாக வேண்டும்.

அரசாங்கம் மக்களின் அடையாளத்தை உருவாக்க முடியுமா?

உருவாக்கியிருக்கிறது, சில இடங்களில் அதன் விலை உயிர்களாக இருந்திருக்கிறது. ருவாண்டாவில் ஹூட்டு, டுட்சி ஆகிய இருவரும் ஒரே மொழி பேசியவர்கள், பெரும்பாலும் ஒரே மதத்தினர், கலந்து வாழ்ந்தவர்கள். பழைய சமூகத்திலும் இவ்வேறுபாடு இருந்தது, அதில் ஏற்றத்தாழ்வும் இருந்தது. ஆயினும் செல்வநிலை மாறியபோது ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு நகரச் சிறிது இடமும் இருந்தது. 1930-களில் பெல்ஜியக் காலனி ஆட்சி, ஒவ்வொருவரும் எந்தப் பிரிவு என்று பதிந்த அடையாள அட்டையைக் கொடுத்தது. நெகிழ்ந்திருந்த ஒன்று அன்றோடு தாளில் உறைந்து, தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கியது. 1994-இல் சுமார் நூறு நாள்கள் நடந்த இனப்படுகொலையில், சாலைத் தடுப்புகளில் நின்ற கொலைகாரர்கள் கேட்டது அந்த அட்டையைத்தான். படுகொலைக்குப் பின்னர் அட்டையிலிருந்து அந்த வரி நீக்கப்பட்டது.

தென்னாப்பிரிக்காவில் 1950-ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தில் அடைத்தது. ஐயம் எழுந்தபோது அதிகாரிகள் தோற்றத்தையும் தலைமுடியையும் பார்த்துத் தீர்மானித்தார்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் வெவ்வேறு இனங்களாகப் பதியப்பட்டதும் நடந்தது. அச்சட்டம் 1991-இல் நீக்கப்பட்டது.

இதனால் கணக்கெடுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. யார் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்காமல் அநீதியைச் சரிசெய்ய முடியாது. கேள்விக்கு விடை சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே முக்கியம். அமெரிக்கக் குடிக்கணக்கில் ஒருவர் தமக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிப்பிட 2000-ஆம் ஆண்டில்தான் முதன்முறையாக இடம் கிடைத்தது. அதுவரை, கலப்புக் குடும்பத்தில் பிறந்தவர்கள் படிவத்தை நிரப்பும்போது தாய் தந்தையரில் ஒருவரை விட்டுவிட வேண்டியிருந்தது.

ஒருவருக்குப் பல அடையாளங்கள் இருப்பது குழப்பம் அல்லவா?

அதுவே இயல்பு. ஒரே பெண் மகளாகவும் மருத்துவராகவும் ஒரு மொழிக்காரராகவும் ஒரு நாட்டின் குடிமகளாகவும் சதுரங்க ஆர்வலராகவும் இருக்கிறார். எந்த நேரத்தில் எது முன்னே வரும் என்பது சூழலைப் பொறுத்தது. ஒருவரை அவருடைய ஒரே ஓர் அடையாளத்துக்குள் சுருக்கி, மற்றவற்றையெல்லாம் துடைத்துவிடும்போதே வன்முறைக்கு வழி திறக்கிறது என்று அமர்த்தியா சென் 2006-இல் விரிவாக வாதிட்டார். சிறுவனாக இருந்தபோது இந்தியப் பிரிவினைக்கு முந்தைய கலவரத்தில் குத்துப்பட்ட கூலித் தொழிலாளி ஒருவர் தம் வீட்டு வாசலில் வந்து விழுந்ததைக் கண்டவர் அவர். அந்தத் தொழிலாளி பசிக்காக வேலை தேடி வெளியே வந்தவர், கொன்றவர்களுக்கோ அவர் ஒரு மதத்தவர் மட்டுமே.

அடையாளங்கள் வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் நிற்பதில்லை, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. 1976-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஒரு மோட்டார் வாகன நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு முடிவுக்கு வந்தது. அந்த நிறுவனம் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. ஆகவே பணிமூப்பு அடிப்படையில் ஆட்குறைப்பு வந்தபோது முதலில் வேலை இழந்தவர்கள் அவர்களே. நிறுவனம் வெள்ளையினப் பெண்களை ஏற்கெனவே வேலைக்கு எடுத்திருந்ததால் பெண் என்ற முறையில் அநீதி இல்லை என்றது நீதிமன்றம். இனத்தையும் பாலினத்தையும் சேர்த்து ஒரே குறையாக முறையிடவும் இடம் தரவில்லை. இரண்டு சாலைகளும் சந்திக்கும் இடத்தில் அடிபட்டவருக்கு எந்தச் சாலையின் சட்டமும் துணைக்கு வரவில்லை. சட்ட அறிஞர் கிம்பர்லே க்ரென்ஷா 1989-இல் இந்த வழக்கை எடுத்துக்காட்டித்தான், ‘குறுக்குவெட்டு’ என்று இன்று வழங்கும் கருத்தை முன்வைத்தார்.

மரபு மாறினால் பண்பாடு அழிந்துவிடாதா?

தொன்றுதொட்டு வருவதாக நாம் நம்பும் பல மரபுகள் நம் கொள்ளுத்தாத்தா காலத்தில் இருந்ததில்லை. ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனிக் கட்டத்துணி என்ற முறை பழங்காலத்தது போலத் தோன்றும். அது நிலைபெற்றதோ பத்தொன்பதாம் நூற்றாண்டில், 1822-இல் அரசர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது நடந்த கோலாகலத்தை ஒட்டி. இப்படி ‘உருவாக்கப்பட்ட மரபுகளை’ வரலாற்றாசிரியர்கள் 1983-இல் தொகுத்துக் காட்டினார்கள். ஆனால் புதியது என்பதால் ஒரு மரபு பொய்யாகிவிடாது. இன்று அந்தத் துணியை உடுத்துபவரின் பெருமிதம் உண்மையானது. பழமை என்ற பெயரைச் சொல்லி, கேள்வி கேட்பவரின் வாயை அடைக்கும்போது மட்டும் நாம் தேதியைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அழிவு வேறு, மாற்றம் வேறு. ஒரு சமூகம் தானே விரும்பி ஒன்றைக் கைவிட்டு வேறொன்றை ஏற்பது மாற்றம். பிறர் வந்து அதன் பிள்ளைகளின் வாயிலிருந்து மொழியைப் பிடுங்குவது அழிவு. கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகள் சுமார் 1,50,000 பேர் நூறாண்டுக்கும் மேலாக உண்டு உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி விழுந்தது. பல பள்ளிகளில் பெயருக்குப் பதிலாக எண் கொடுத்தார்கள். 1971-இல் பன்மைப் பண்பாட்டைத் தன் கொள்கையாக அறிவித்த அதே நாட்டில் அந்தப் பள்ளிகள் சில 1990-கள் வரை நடந்தன. அரசு 2008 ஜூன் 11 அன்று நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. கொள்கை அறிவிப்பை மட்டும் வைத்து ஒரு நாட்டை மதிப்பிட வேண்டாம் என்று நான் மாணவர்களிடம் சொல்வதற்கு இதுவே காரணம்.

மொழி போனால் அடையாளமும் போய்விடுமா?

உடனே போய்விடாது, தம் முன்னோர் மொழியைப் பேசத் தெரியாமலே அந்தச் சமூகத்தவராகப் பெருமையுடன் வாழும் மக்கள் உலகெங்கும் உண்டு. எனினும் உறவுமுறைச் சொற்களும் பாட்டும் வழிபாட்டு வரிகளும் ஏச்சும் தாலாட்டும் மொழியோடு சேர்ந்து போய்விடுகின்றன. இழந்ததை மீட்க முடியும் என்பதற்கு நியூசிலாந்தின் மாவோரி மக்கள் சான்று. மொழி பேசுபவர்கள் பெரும்பாலும் முதியவர்களாகிவிட்ட நிலையில், 1982 முதல் ‘மொழிக்கூடு’ என்று பொருள்படும் மழலையர் நிலையங்களைத் தொடங்கி, பாட்டிமாரையும் தாத்தாமாரையும் குழந்தைகளோடு நாள் முழுவதும் மாவோரியில் பேச வைத்தார்கள். 1987-இல் மாவோரி ஆட்சிமொழியானது. சட்டம் வந்தது ஐந்தாண்டு கழித்து; முதலில் வந்தது பாட்டியின் மடி.

வேறு நாட்டில் வளரும் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவே தவிக்கிறார்களே?

பெற்றோர் மிகுந்த கவலையோடு கேட்கும் கேள்வி இது. குடிபெயர்ந்தவர்களை ஆராய்ந்த கனடிய உளவியலாளர் ஜான் பெரி, இரண்டு கேள்விகளைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்: சொந்தப் பண்பாட்டைக் காத்துக்கொள்கிறார்களா, புதிய சமூகத்தோடு கலந்து பழகுகிறார்களா. இரண்டுக்கும் ஆம் என்பவர்கள் இணைந்து வாழ்கிறார்கள். முதலாவதை விட்டவர்கள் கரைந்துபோகிறார்கள். இரண்டாவதை மறுத்தவர்கள் ஒதுங்கி வாழ்கிறார்கள். இரண்டும் கைகூடாதவர்கள் ஓரத்தில் தனித்து நிற்கிறார்கள். இணைந்து வாழ்பவர்களே பொதுவாக மன அமைதியோடு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது பிள்ளையின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. வகுப்பில் பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருந்தால், அல்லது வீட்டில் ‘நீ அவர்களைப் போல ஆகிவிட்டாய்’ என்ற குத்தல் ஓயாமல் விழுந்தால், கதவு இரு பக்கமும் அடைபடுகிறது.

அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் 1903-இல் ‘இரட்டை உணர்வு’ என்று எழுதினார்: தன்னை எப்போதும் பிறர் கண்களின் வழியாகவே பார்க்க வேண்டிய நிலை. அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிச் சொன்னதானாலும், இரண்டு உலகங்களில் கால் ஊன்றிய எவருக்கும் அந்த வரி சுடும். பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளையின் கலப்பைக் குறையாகப் பேசாதிருத்தல்.

எல்லாப் பண்பாட்டையும் மதிக்க வேண்டும் என்றால், கொடுமையான வழக்கத்தையும் ஏற்க வேண்டுமா?

வேண்டாம். தன் வழக்கத்தை அளவுகோலாக வைத்துப் பிறரை அளக்கும் மனப்போக்குக்கு அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் சம்னர் 1906-இல் தன்னின மையவாதம் என்று விளக்கம் தந்தார். அதற்கு மாற்றாக வந்த பண்பாட்டுச் சார்பியல், ஒரு வழக்கத்தைத் தீர்ப்பிடுவதற்கு முன் அதன் சூழலில் வைத்துப் புரிந்துகொள்ளச் சொல்கிறது. அது ஆராயும் முறை. தீர்ப்பே கூடாது என்னும் தடையாக அதைக் கொள்வது தவறு. 2001-இல் யுனெஸ்கோ ஏற்ற பண்பாட்டுப் பன்மை குறித்த பிரகடனமே, பன்மையைக் காரணம் காட்டி மனித உரிமைகளை மீறவோ குறைக்கவோ கூடாது என்று நான்காம் பிரிவில் சொல்கிறது.

‘இது எங்கள் பண்பாடு’ என்று ஒருவர் சொல்லும்போது, அந்த ‘எங்கள்’ என்பதற்குள் யார் பேசுகிறார்கள், யார் பேச முடியாமல் இருக்கிறார்கள் என்று நான் பார்க்கிறேன். அந்த வழக்கத்தால் துன்பப்படுபவர்களும் அந்தப் பண்பாட்டுக்குச் சொந்தக்காரர்களே. சீர்திருத்தம் எப்போதும் வெளியிலிருந்து வருவதாகச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. ஏறக்குறைய எல்லாச் சமூகங்களிலும் எதிர்ப்பின் முதற்குரல் உள்ளிருந்தே எழுந்திருக்கிறது.

வேறு பண்பாட்டவர் ஒருவரைப் புரிந்துகொள்ள எங்கே தொடங்குவது?

அவருடைய சமூகத்தைப் பற்றிப் படித்துவிட்டுப் போவது நல்லது; ஆனால் படித்ததை அவர் மீது போர்த்திவிடக் கூடாது. ‘உங்களவர்கள் இப்படித்தானே’ என்பதற்குப் பதிலாக ‘உங்கள் வீட்டில் எப்படி’ என்று கேட்டால், அவர் தம் சமூகத்துக்கெல்லாம் பேராளராக நிற்க வேண்டிய சுமையிலிருந்து விடுபடுவார். அவர் சொல்லாமல் விடுவதைத் துருவ வேண்டாம். எதை எப்போது வெளிப்படுத்துவது என்பது அவருடைய உரிமை, சில இடங்களில் அவருடைய பாதுகாப்பும்கூட. எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் பெயரைக் கேளுங்கள். நாக்குக்குப் பழகாத ஒலியாக இருந்தால் மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வசதிக்காகச் சுருக்கி வேறொரு பெயர் வைத்துவிடாமல், சரியாக வரும்வரை சொல்லிப் பழகுங்கள்.